பச்சை லேபிள்

அத்தியாயம் 9

"முப்பத்தெட்டு" என்றார் டாக்டர்.

வெள்ளிக்கைக்கு ஒன்றும் புரியவில்லை. வயதைச் சொல்கிறாரோ என்று நினைத்தாள். அவளுக்கு இன்னும் முப்பத்துநாலே முடியவில்லை.

"உங்க ரத்தத்துல இருக்கிற காரீயம். அஞ்சுக்குக் கீழ இருக்கணும். உங்களுக்கு முப்பத்தெட்டு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய கண் பரிசோதனைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளைப் படிக்கிறவள் மாதிரித் தெரியவில்லை.

ஆறு வாரமாக வயிற்றைப் பிசைகிற வலி. நாக்கில் எப்போதும் ஒரு காசை வைத்திருப்பது போன்ற ருசி. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுகிற கோபம். புருஷன் இத்தனைக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் வைத்தியம் சொல்லிவிட்டார்: "கேஸ்." தங்கைதான் போன வாரம் கையைப் பிடித்து இழுத்து வந்து ரத்தம் கொடுக்க வைத்தாள். அன்றைக்கே அக்காவின் மேஜையிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு, ஒயர் பற்ற வைக்கிற சால்டர் கம்பியை நறுக்கி எடுத்துப் போனாள். "எதுக்குடி?" என்று கேட்டதற்கு "சும்மா" என்றாள். அவள் எதையும் சும்மா செய்கிறவள் இல்லை.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பேசுற கரடி பொம்மைக்கு உள்ள வைக்கிற பலகையில ஒயர் பத்த வைக்கிறேன். பதினாலு வருஷமா."

பதினாலு வருஷத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். மற்றபடி கம்பெனி முழுக்க வெள்ளிக்கை. அவள் பற்ற வைத்த இடம் வெள்ளி மணி வைத்ததுபோல் மின்னும். அதனால் வந்த பெயர்.

நடுவில் அந்தப் பெயருக்கே ஆபத்து வந்தது. மின்சாதனங்களில் காரீயம், பாதரசம் போன்ற நஞ்சு எதுவும் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பழைய கம்பி போய், காரீயம் இல்லாத கம்பி வந்தது. சுருளின் மேல் பச்சை லேபிள். லேபிள்தான் அழகு, கம்பிக்குக் குணமே இல்லை. சீக்கிரம் உருகாது, உருகினாலும் ஓடாது, ஆறினால் சாம்பல் பூத்து நிற்கும். "வெள்ளிக்கை அலுமினியக்கை ஆயிடுச்சு" என்று வரிசையில் கிண்டல் செய்தார்கள். ஒன்றரை வருஷம் மணிக்கட்டு வலியோடும் அந்தக் கிண்டலோடும் வேலை பார்த்தாள்.

நாலு மாதத்துக்கு முன் மினுமினுப்பு திரும்பி வந்தது. அதே பச்சை லேபிள்தான். கம்பி மட்டும் வெண்ணெயாக ஓடியது.

"கம்பி மாறல. உன் கை பழகிடுச்சு" என்றார் புருஷன். கொள்முதல் பிரிவில் இருக்கிறவர், கம்பி வாங்குகிறவர். அவர் சொன்னால் நம்ப மாட்டாளா? நம்பினாள். அந்தப் பூரிப்பில் மிஞ்சின துண்டை வளைத்து மகளுக்கு ஒரு குருவிகூடச் செய்து கொடுத்தாள்.

"வேலை செய்யும்போது அந்தக் கம்பியை வாயில வைப்பீங்களா?" டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

வெள்ளிக்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கையில் கம்பியை உருக்குகிற அயர்ன். மறு கையில் இடுக்கி. கம்பியை எங்கே வைப்பது? உதட்டில்தான் கவ்விக்கொள்வாள். வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான். மகள் வயிற்றில் இருந்தபோது பயந்துபோய் அந்தப் பழக்கத்தை விட்டாள். பச்சை லேபிள் வந்த பிறகு, இனிமேல்தான் பயமில்லையே என்று திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

"அது பச்சை லேபிள் கம்பி, டாக்டர். அதுல காரீயமே கிடையாது."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அந்தக் காசு ருசிதான் வந்தது.

"வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா?"

"நாலு வயசு."

"இன்னிக்குச் சாயங்காலமே கூட்டிட்டு வாங்க. துணியிலயும் தலைமுடியிலயும் வீட்டுக்கு வந்திருக்கும். வேலைத் துணியோட பிள்ளையைத் தூக்காதீங்க."

படியில் இறங்கும்போது தங்கை நின்றாள்.

"அக்கா, முப்பத்தாறு."

"முப்பத்தெட்டுடி. காதுல விழலையா?"

"அது உன் ரத்தம். நான் சொல்றது உன் கம்பி. நூத்துல முப்பத்தாறு பங்கு காரீயம். சட்டம் விடுறது ஆயிரத்துல ஒரு பங்கு."

தங்கைக்கு அதே கம்பெனியில் சோதனை அறையில் வேலை. துப்பாக்கி வடிவில் ஒரு கருவி. எதன் மேல் வைத்து அழுத்தினாலும் அதற்குள் என்ன உலோகம், எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். கம்பெனியில் அவளுக்குத் துப்பாக்கிக்காரி என்று பெயர். எறும்புக்குக்கூட வழி விட்டு நடக்கிறவளுக்கு அப்படி ஒரு பட்டம்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"மாமாகிட்டக் காட்டினேன். மெஷின் பழசு, அப்படித்தான் உளறும்னார். தாளை வாங்கி நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

இன்று திங்கள். வெள்ளிக்கை விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. சனிக்கிழமை அவள் பத்து மணி நேரம் வேலை பார்த்தாள். ஐந்து மணிக்கு அவர் மேலேயிருந்து இறங்கி வந்து, "இன்னும் நாற்பது பலகை முடிச்சுக் கொடுத்துடு, சரக்கு கிளம்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேச முடியவில்லை. வாயில் கம்பி இருந்தது.

*

உடை மாற்றும் அறைக்கு வெளியே, குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் புருஷன் காத்திருந்தார். சலவைச் சட்டை. கையில் கண்ணாடித் தாள் உறைக்குள் ஒரு காகிதம்.

"எங்கே போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? கரடி வாங்குற கம்பெனியிலேருந்து ஆய்வாளர் அம்மா வந்து ஒரு மணி நேரமாச்சு. ஒரு கரடியைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. உள்ள மின்னுதாம். முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடு."

அவள் வாங்கிப் படித்தாள். நிதானமாகப் படித்தாள். 'பழைய கம்பிச் சுருள் ஒன்று என் மேஜை டிராயரில் தங்கிவிட்டது. நிர்வாகத்துக்குத் தெரியாமல் நானே அதைப் பயன்படுத்திவிட்டேன்.'

"என் டிராயர்ல சாப்பாட்டு டப்பா வைக்கவே இடம் கிடையாது. நாலு மாசத்துக்கு ஓடுற கம்பியை அதுக்குள்ள எப்படித் திணிச்சேனாம்?"

"குதர்க்கம் பேசாதே. சும்மா ஒரு காகிதம். மூணு மாசம் சம்பளத்தோட லீவு. அப்புறம் பேக்கிங்ல உட்காரலாம். முதலாளியே வாக்குக் கொடுத்திருக்கார்."

"போடலைன்னா?"

"ஆர்டர்ல இருக்கிறது என் கையெழுத்து. நான் உள்ள போக வேண்டியதுதான்."

"அப்ப தெரிஞ்சேதான் வாங்கினீங்க."

"மெதுவாப் பேசு." அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "நீதானே புலம்பினே? கம்பி ஓடல, மணிக்கட்டு போச்சு, பேரு போச்சுன்னு தினமும் வீட்டுல ஒப்பாரி. ஒருத்தன் வந்தான். மேலே பச்சை லேபிள், உள்ளே பழைய சரக்கு, பாதி விலைன்னான். சரின்னேன்."

"எனக்காக வாங்கினீங்களா, பாதி விலைக்காக வாங்கினீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுக்கும்னு வச்சுக்கோயேன்."

"மாமா" என்று தங்கை ஆரம்பித்தாள்.

"நீ வாயை மூடு. துப்பாக்கியைத் தூக்கிட்டு ஊரைச் சுட வந்துட்டா. முழுக் கரடியோட எடையை எடுத்துப் பாரு, அதுல இது ஒரு தூசு. கணக்குப் போட்டா சட்டத்துக்கு உள்ளேதான் வரும்."

"சட்டம் முழுக் கரடியைக் கேட்கல மாமா. பிரிச்சு எடுக்க முடிஞ்சது ஒவ்வொண்ணையும் தனித்தனியா அளக்கச் சொல்லுது. பஞ்சு தனி, துணி தனி, சால்டர் தனி. பஞ்சு சுத்தமா இருந்தா சால்டர் சுத்தமாயிடுமா? முழு அக்காவை எடை போட்டாக்கூட அந்த முப்பத்தெட்டு ஒரு தூசுதான்."

இவ்வளவு நீளமாகத் தங்கை பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பேசி முடித்ததும் அவளுக்கே மூச்சு வாங்கியது.

"என்ன முப்பத்தெட்டு?" என்றார் அவர்.

வெள்ளிக்கை ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். காதோரம் வியர்த்தது.

"நான் கம்பியை வாயில வைப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது... எனக்கு எப்படித் தெரியும்? நான் மேல உட்கார்ந்திருக்கிறவன். நீ கீழே என்ன செய்றேன்னு கண்டேனா?"

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவரும் இதே வரிசையில்தான் இருந்தார். அவள் மேஜைக்கு நேர் எதிர் மேஜை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. 'தலையைக் குனிஞ்சு, வாயில கம்பியைக் கவ்விக்கிட்டு உட்கார்ந்திருப்பா. குருவி கூடு கட்டப் புல்லைக் கவ்விட்டு வர மாதிரியே இருக்கும். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், கட்டினா இவளைத்தான்னு.' கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவாள்.

"என்னைக் குருவின்னு கூப்பிட்டது யாருங்க?" என்று கேட்டாள்.

அவர் குடிதண்ணீர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலு வருஷம் எதிர்ல உட்கார்ந்து பார்த்தீங்களே, எதைப் பார்த்தீங்க? என் வாயைத்தானே பார்த்தீங்க?"

இந்த ஆறு வாரமாக அவள் தண்ணீர் கொட்டினதற்குக் கத்தினாள், கதவைச் சாத்தாததற்குக் கத்தினாள். கத்த வேண்டிய நேரம் இதுதான், ஆனால் குரல் ஏறவில்லை. கோபம் தொண்டையில் நிற்காமல் கீழே இறங்கி உள்ளங்கால் வரைக்கும் போய் ஊன்றிக்கொண்டது.

காகிதத்தை உறையிலிருந்து உருவி நாலாக மடித்தாள். தன் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"என்ன செய்றே?"

"தாளை மடிச்சுப் பையில வைக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?"

*

வரிசையில் பதினான்கு மேஜைகள். அவற்றுக்கு அப்பால் தனி மேஜையில் பலகையைச் சோதிக்கிறவள், முடிந்தது ஒவ்வொன்றுக்கும் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பாள். சரியாக இருந்தால் அது பேசும். 'வா, விளையாடலாம்!' ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் தலைவலி மாத்திரை கேட்பார்கள்.

ஆய்வாளர் அம்மா வெள்ளிக்கையின் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். நரைத்த தலை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் பூதக்கண்ணாடி. வயிறு கிழிந்த கரடி ஒன்று மேஜையில் கிடந்தது. பக்கத்தில் மேலாளர், கைகளைப் பிசைந்தபடி.

"காரீயம் இல்லாத கம்பின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவ்வளவு மின்னுதே, எப்படி?"

"எங்க வெள்ளிக்கை அம்மாவோட கைத்திறமை மேடம்" என்றார் மேலாளர். அந்த நேரம் தங்கையோடு வெள்ளிக்கை உள்ளே வந்தாள், அவள் பின்னாலேயே புருஷன் வேகமாக வந்தார். அவர் தலையசைத்த விதத்தைப் பார்த்துக் கையெழுத்து ஆகிவிட்டது என்று மேலாளர் எடுத்துக்கொண்டார். உடனே குரலை மாற்றினார். "ஆனா ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு. பழைய கம்பி இவங்க டிராயர்ல இருந்திருக்கு. அவங்களே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க."

வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின.

வெள்ளிக்கை தன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆய்வாளரைப் பார்த்து, "கைத்திறமையும் இல்லம்மா, டிராயரும் இல்ல. ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்றாள். தங்கையிடம், "பச்சை லேபிள் வந்த முதல் சுருள்ல இருந்து மாதிரிக்குன்னு முத்திரை போட்டு வச்சியே, அந்த அசல் கம்பியைக் கொண்டா" என்றாள்.

தங்கை ஓடினாள்.

அயர்னின் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் முந்நூற்று இருபதில் நின்றது. அதை இருநூறுக்குத் திருப்பினாள்.

"பச்சை லேபிள் வந்த புதுசுல இதை முந்நூத்து எண்பதுல வச்சாத்தான் கம்பி ஓடும். நாலு மாசமா முந்நூத்து இருபதே போதும். ஏன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும். கேட்கல. என் கை தேறிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். புகழ்ந்தாங்க, மயங்கிட்டேன். அது என் தப்பு. அதை மட்டும்தான் நான் ஒத்துக்குவேன்."

"எதுக்குமா இதெல்லாம்?" மேலாளர் முன்னால் வந்தார். "மேடம், நம்ம ஆபீஸ்ல உட்கார்ந்து பேசலாமே."

"நான் இங்கேயே பார்க்கிறேன்" என்றார் ஆய்வாளர்.

தங்கை உறையைக் கிழித்துக் கம்பியைக் கொடுத்தாள். சூடு இறங்கி இருநூறில் நின்றது.

"காரீயம் இல்லாத கம்பி இருநூத்துப் பதினேழு டிகிரிக்குக் கீழ உருகாது. காரீயம் கலந்தது நூத்து எண்பத்துமூணுலயே உருகிடும். இப்ப இருநூறு."

அசல் கம்பியை அயர்ன் முனையில் வைத்தாள். அது வளையவில்லை, நனையவில்லை. முறைத்துக்கொண்டு நின்றது. பத்து எண்ணுகிற நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு தன் மேஜைச் சுருளிலிருந்து இழுத்து வைத்தாள்.

அது தலையைத் தொங்கப்போட்டது. முனையில் ஒரு துளி உருண்டு திரண்டது. பளபளவென்று, பார்க்கக் கண் கூசுகிற வெள்ளி மணி.

"பாருங்க, எவ்வளவு அழகு. இதுக்குத்தான் நாலு மாசமா எனக்குக் கைதட்டினாங்க."

டிக் என்று ஒரு சத்தம். அடுத்த மேஜைக்காரி தன் குமிழைத் திருப்பியிருந்தாள். அவள் உதட்டில் கம்பி இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள், வாயைப் புறங்கையால் துடைத்தாள், சூடு இறங்கியதும் அயர்ன் முனையில் வைத்தாள். உருகியது. அதற்கடுத்த மேஜையில் டிக். அதற்கடுத்ததில் டிக். பதினான்கு மேஜையிலும் பதினான்கு வெள்ளி மணி.

"என் மருமக இதே கம்பெனியிலதான் வேலைக்குச் சேர்ந்திருக்கா" என்றாள் ஒருத்தி, யாரையும் பார்க்காமல். "வயித்துல அஞ்சு மாசம் அவளுக்கு."

மேலாளர் எதையோ சொல்ல வந்தார். அந்த மாமியார் அயர்னைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்தாள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"எல்லாச் சுருளையும் இப்பவே பையில போட்டு முத்திரை வைக்கணும்" என்றார் ஆய்வாளர். "ஒரு கரடிகூட வெளியே போகக் கூடாது. கொள்முதல் ஆர்டர் எல்லாம் என் மேஜைக்கு வரணும்."

வெள்ளிக்கை பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள். "நான் எழுதிக் கொடுத்ததா சொன்னாங்களே, அது இதுதான். கையெழுத்து இல்ல பாருங்க. இனியும் இருக்காது."

கைதவறி யாரோ ஒரு பலகையில் பேட்டரியை வைத்துவிட்டார்கள். 'வா, விளையாடலாம்!' என்றது அது.

வாசலருகே புருஷன் வழியை மறித்தார். முகம் வெளுத்திருந்தது. "நம்ம வீட்டை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா நீ?"

"அதை நினைச்சுத்தான் பிள்ளையைக் கூட்டப் போறேன். வழியை விடுங்க."

விட்டார்.

*

குழந்தைகள் காப்பகம் கம்பெனியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மேலங்கியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். முழங்கை வரைக்கும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆனாலும் தலைமுடி இருக்கிறது, உடுத்திய துணி இருக்கிறது. நடக்க நடக்கத் தன் உடம்பே தனக்கு வேண்டாததாகத் தோன்றியது.

கதவைத் திறந்ததும் மகள் பார்த்துவிட்டாள். வரைந்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நில்லு! அம்மாவைத் தொடாதே!"

காலையிலிருந்து ஏறாத குரல் அங்கே ஏறியது. காப்பகம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மகள் விரித்த கைகளோடு அப்படியே நின்றாள். கீழுதடு பிதுங்கியது.

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலடா தங்கம். அம்மா மேல அழுக்கு. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத் தூக்கிக்கிறேன், என்ன?"

"ஒரு வாரமாவே இவ சரியாச் சாப்பிடறதில்லைங்க" என்றாள் காப்பகத்துக்காரி. "வயிறு வலிக்குதுங்கறா. பொய் சொல்றாளோன்னு நினைச்சேன்."



மகள் சமாதானமாகிவிட்டாள். அம்மாவைக் குஷிப்படுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கும். சட்டைப் பையில் கை விட்டு எதையோ எடுத்துத் தூரத்திலிருந்தே நீட்டினாள்.

"பாரு, குருவியை நான் தொலைக்கவே இல்ல. தினமும் என்கூடத்தான் இருக்கு."

காலையிலிருந்து எல்லோரையும் கேள்வி கேட்டவள், அதை மட்டும் மறந்திருந்தாள். அவள் தன் கையால் வளைத்த குருவி. பச்சை லேபிள் கம்பி, பயமில்லை என்று செய்து கொடுத்தது.

மண்டியிட்டு உட்கார்ந்து வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் இன்னும் மின்னியது. கழுத்து நெடுகச் சின்னச் சின்னப் பல் தடங்கள். அலகு தேய்ந்து மழுங்கியிருந்தது. பின்பக்கம் திருப்பினாள்.

"தங்கம்... குருவியோட வால் எங்கே?"

மகள் வாயை இறுக மூடிக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.